நிறுத்திய இடம்

சென்ற வருஷம் நவம்பரில் இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்ற ஊரிலிருந்து எனக்கு ஒரு சிறு பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு சினிமாத் தட்டு, அதோடு இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம். பல வருஷங்களுக்கு முன் நான் அந்த ஊரில் குடியிருந்த வீட்டுக்காரரின் மகள் எழுதியிருந்தாள். படத்தின் பெயர் 'கெட் கார்ட்டர்'. மைக் ஹாட்ஜஸ் இயக்கி 1971இல் வந்தது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் அதை மூல நெகட்டிவிலிருந்து 4கே என்கிற நுணுக்கத்தில் புதுப்பித்து, 2022இல் வீட்டில் பார்ப்பதற்கான தட்டாக வெளியிட்டது. கடிதத்தில் அவள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா எப்போதும் ஒரு இடத்தில் படத்தை நிறுத்துவாராமே, அம்மா தெரியும் இடம், அது எது? இரண்டு முறை பார்த்துவிட்டேன், எனக்குப் பிடிபடவில்லை. அவரோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சமிருப்பது நீங்கள் ஒருவர்தான்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதை சினிமா விமர்சனம் என்று எடுத்துக்கொள்வதும் சொந்தக் கதை என்று ஒதுக்குவதும் அவரவர் இஷ்டம். என்னால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

1986இலிருந்து 88 வரை நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் கப்பல் இயந்திரங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். டைன் நதியின் வடகரையில் நியூகாஸில், தென்கரையில் கேட்ஸ்ஹெட். தென்கரையில் வாடகை குறைவு. தினமும் பாலத்தைக் கடந்து போய் வருவேன். என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே, கூரைகளுக்கு மேலே, டிரினிட்டி ஸ்கொயர் கார் நிறுத்துமிடம் தெரியும். 1967இல் திறந்த பல அடுக்குக் கான்கிரீட் கட்டிடம். உச்சியில் ஓர் உணவு விடுதி நடத்துவதாக உத்தேசித்துக் கட்டி, கடைசிவரை யாரும் அதை எடுத்து நடத்த வரவில்லை. மழையில் நனைந்து கறுத்து, யாரோ பாதியில் விட்டுப்போன வேலையைப் போல நிற்கும். அந்தக் கட்டிடம் ஒரு படத்தில் வருகிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் வீட்டுக்காரர்தான்.

அவர் கடலோரத்தில் பிளாக்ஹால் நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். மனைவி 1979இல் இறந்துபோனாள். 1981இல் சுரங்கத்தை மூடினார்கள். ஐந்து வயதில் தாயை இழந்த பெண் குழந்தையோடு கேட்ஸ்ஹெட்டுக்கு வந்து, அக்காள் விட்டுப்போன வீட்டில் மாடி அறையை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளினார். நாற்பத்தெட்டு வயதுதான், ஆனால் கிழவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதிகம் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை இரவுகளில் மகள் தூங்கப் போனபின் வீடியோ டெக்கை எடுத்து வைப்பார். அவரிடம் இருந்த நாடாக்கள் நான்கைந்து. அதில் தொலைக்காட்சியில் போட்டபோது பதிவு செய்துகொண்ட 'கெட் கார்ட்டர்' ஒன்று. இரண்டு குளிர்காலத்தில் அதை நாங்கள் பத்துப் பன்னிரண்டு தடவையாவது பார்த்திருப்போம். முழுவதும் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான். பெரும்பாலும் அந்த மதுக்கூடக் காட்சி வரும், நிறுத்துவார், கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு அணைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்து போய்விடுவார்.

படத்தைப் பார்த்திராத நண்பர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஒரு ரௌடிக் கும்பலுக்கு வேலை செய்கிற கார்ட்டர், சகோதரன் செத்துப்போன செய்தி கேட்டு நியூகாஸிலுக்கு ரயிலேறுகிறான். குடித்துவிட்டுக் காரோடு ஆற்றில் விழுந்துவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். இவன் நம்பவில்லை. விசாரிக்கிறான், ஒவ்வொருவராகக் கொல்கிறான், கடைசியில் தானும் கடற்கரையில் சுடப்பட்டுச் சாகிறான். டெட் லூயிஸ் எழுதி 1970இல் வந்த நாவலில் கதை நடக்கிற இடம் பெயரில்லாத ஓர் எஃகு நகரம். ஹாட்ஜஸ்தான் அதை நியூகாஸிலுக்குக் கொண்டு வந்தார். அவர் கணக்காயராகத் தேர்ச்சி பெற்று, கட்டாய ராணுவ சேவைக்காகக் கடற்படையில் சேர்ந்து, கண்ணிவெடி அகற்றும் கப்பலில் வடகிழக்குக் கரையின் மீன்பிடித் துறைகளைச் சுற்றியவர். தான் வளர்ந்த சௌகரியமான இங்கிலாந்துக்கு அப்பால் இன்னொன்று இருப்பதை அங்கேதான் கண்டார். பிறகு தொலைக்காட்சியில் செய்திப் படங்கள் எடுத்தார். ஒளிப்பதிவாளர் வொல்ஃப்கங் சுஷிட்ஸ்கி வியன்னாவில் பிறந்து 1930களில் இங்கிலாந்து வந்து, தெருக்களையும் உழைப்பாளிகளையும் புகைப்படம் எடுத்துப் பெயர் பெற்றவர். ஆக, ஒரு துப்பறியும் கதையை எடுக்கப் போன இருவரும் ஆவணப்பட மனிதர்கள். இது முக்கியம் என்று அந்த நாளில் எனக்குத் தெரியாது.

தெரிந்திருக்க வழியுமில்லை. வி.எச்.எஸ். நாடாவில் அகலவாக்கில் ஏறத்தாழ 240 கோடுகள் அளவுக்குத்தான் விவரம் தங்கும். அதிலும் ஓடி ஓடித் தேய்ந்த நாடா. அதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், மைக்கேல் கெய்னின் முகம். குளோஸப்பில் திரையை நிறைத்துக்கொண்டு, இமை தாழ்த்தி, எதற்கும் அசையாத அந்த முகம். அப்புறம் கறுப்புக் கோட்டு. மற்றதெல்லாம் சாம்பலும் பழுப்புமாக அசைகிற பூச்சு. கார்ட்டர் மதுக்கூடத்தில் நுழைந்தால் அங்கே கூட்டம் இருக்கிறது என்று தெரியும், மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரியாது. எனக்கு இருபத்தாறு வயது. அந்நிய ஊரில், பேச்சு பாதி புரியாமல், குளிரில் கூனிக் குறுகி நடந்துகொண்டிருந்தவன். யாருக்கும் விளக்கம் சொல்லாமல், யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கிற அந்த ஆளின் ஸ்டைல் எனக்கு வேண்டியிருந்தது. பழைய துணிக்கடையில் ஒரு கறுப்புக் கோட்டு வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் மட்டுமல்ல. வெளிவந்தபோது இந்தப் படத்தை பிரிட்டிஷ் விமர்சகர்கள் அப்படியொன்றும் கொண்டாடிவிடவில்லை, அதன் வன்முறையைக் கண்டு முகம் சுளித்தவர்களே அதிகம். இருபது வருஷத்துக்குப் பிறகுதான் அது மீண்டு வந்தது. 1990களில் அங்கே இளைஞர்களுக்கான சஞ்சிகைகள் கார்ட்டரை ஆண்மையின் லட்சணமாக்கின. 1999இல் மறுபடி தியேட்டரில் திரையிட்டார்கள். அதே வருஷம் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் தொகுத்த நூறு சிறந்த பிரிட்டிஷ் படங்களின் பட்டியலில் பதினாறாவது இடம். இந்த மோகத்துக்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். யாரும் சொல்லாத ஒன்றும் உண்டு என்று எனக்குப் படுகிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை இந்தப் படத்தை அறிந்தது வீட்டில், நாடாவில், சிறு பெட்டியில். அதில் துலங்கியது கதாநாயகன் ஒருவன்தான். அவனைச் சுற்றியிருந்த ஊர் அழிந்திருந்தது. அவன் செய்வது இன்னதென்று உணர்த்துகிற சாட்சிகள் எல்லாம் அழிந்துபோன ஒரு பிரதியை வைத்துக்கொண்டு அவனை வழிபட்டோம்.

அந்த மதுக்கூடக் காட்சிக்கு வருகிறேன். ஒரு பாடகி மேடையிலிருந்து இறங்கி மேஜைகளுக்கிடையே நடந்து பாடுகிறாள். இன்னொருத்தியோடு தகராறாகிறது. இருவரும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு உருள்கிறார்கள், கூட்டம் சிரிக்கிறது. சிரிக்கிற முகங்களை காமிரா ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறது. ஓரிடத்தில் வீட்டுக்காரர் நிறுத்துவார். நிறுத்திய நாடாவில் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் நடுங்கும். அவற்றுக்குக் கீழே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும் ஒரு பெண். முகம் என்று சொல்ல ஒரு வெளிர்த் திட்டு, வாய் என்று சொல்ல ஒரு கறுப்பு. "அதுதான் அவள்" என்பார்.

1970 கோடையில் படப்பிடிப்பு நடந்தபோது அவர் மனைவிக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. நியூகாஸிலில் ஒரு துணிக்கடையில் வேலை. கடையில் கூட வேலை செய்த பெண்களோடு அன்றைக்கு அந்த மதுக்கூடத்துக்குப் போயிருக்கிறாள், சும்மா உட்கார்ந்து சிரித்ததற்குக் காசும் பீரும் கொடுத்திருக்கிறார்கள். மறுவருஷம் இருவருமாகப் போய்த் தியேட்டரில் பார்த்தார்களாம். ஒரு கணம், காட்சி போய்விட்டது. இருந்தேனா இல்லையா என்று வீடு வரைக்கும் இருவருக்கும் வாக்குவாதம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பார். அவளுடைய கல்யாணப் புகைப்படம் கணப்புக்கு மேலே மாடத்தில் இருக்கும். அதில் அவள் சிரிக்கவில்லை. இருந்த மற்ற படங்களிலும் சிரிக்கவில்லை என்பார். பல் வரிசையைப் பற்றிக் கூச்சமாம்.

மகளுக்கு இந்தப் படத்தை அவர் காட்டவில்லை. குழந்தை பார்க்கிற படமில்லை அது. மாடியில் படுத்துக்கொண்டு தரை வழியாக அந்த இசையைக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று இப்போது எழுதியிருக்கிறாள். அவர் 1998இல் இறந்தபின் நாடாவைத் தேடினால் பூஞ்சை பிடித்துக் கிடந்ததாம். பெரியவளானபின் படத்தைப் பார்க்க ஏனோ மனம் வரவில்லையாம். புதுத் தட்டைக் கடையில் பார்த்ததும் வாங்கிவிட்டாள்.

என் வீட்டில் இந்தத் தட்டு ஓடுவதற்கான கருவி கிடையாது. தங்கை மகனின் விளையாட்டுப் பெட்டியில் ஓடும் என்று தெரிந்து, சென்னையில் அவன் வீட்டுக்குப் போனேன். எல்லோரும் படுத்தபின் அவனுடைய பெரிய திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது இசை. லண்டனிலிருந்து வடக்கே ஓடுகிற ரயில். ராய் பட் அமைத்த இசையில் பழைய ஹார்ப்சிகார்டும் அதன் கீழே தபலாவும். கிறிஸ் கரன் வாசித்தது. நாடாவில் இதை ரயிலின் தடதடப்பு என்றே இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் தோலில் விழுந்து எழுவது இப்போது கேட்டது. அப்புறம் ரயில் பெட்டிக்குள்ளே, கார்ட்டர் எதிரே, மூலையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கையில் மோதிரம். கடைசிக் காட்சியில் தொலைவிலிருந்து குறிபார்த்துக் கார்ட்டரைச் சுடப்போகிறவன் அவன்தான். சாவு முதல் காட்சியிலேயே கூட வருகிறது. அத்தனை தடவை பார்த்தும் நான் அவனைப் பார்த்ததேயில்லை.

நியூகாஸில் வந்திறங்கிய கார்ட்டர் ரயிலடிக்கு எதிரே ஒரு மதுக்கூடத்தில் நுழைகிறான். இதுவும் நாடாவில் பூச்சாக இருந்த இடம். இப்போது ஒவ்வொருவரும் மனிதர்களாக எழுந்து வந்தார்கள். முன்னால் ஒரு கிழவர் கோப்பையைப் பிடித்திருக்கிறார், அவர் கையில் ஆறு விரல். யாரும் அவரை அதற்காகத் தேடிப் பிடித்ததாகத் தெரியவில்லை, படம் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவுமில்லை. அவர் அங்கே குடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். சுஷிட்ஸ்கி தூரத்து லென்ஸ் வைத்து எடுத்த தெருக் காட்சிகளில் நடப்பவர்களில் பாதிப் பேருக்குப் படம் எடுப்பதே தெரியாது என்று தோன்றுகிறது. பந்தயம் கட்டும் கடையில் சுவரோரம் நிற்கும் ஆண்கள். வாத்தியங்கள் முழங்கத் தெருவில் அணிவகுத்துப் போகும் சிறுமிகள். கார்ட்டர் உடம்பில் துணியில்லாமல் கையில் துப்பாக்கியோடு வாசலில் நிற்க, அவர்கள் பாட்டுக்கு நடந்து போகிறார்கள். நாடாவில் அந்தக் காட்சிக்கு நாங்கள் சிரித்தது கார்ட்டருக்காக. இப்போது நான் பார்த்தது, ஊர்க்காரர்களின் முன்னால் அடி எடுத்துவைக்கப் பயந்து, தோள் நிமிர்த்தி, கணக்குத் தப்பாமல் நடக்கிற அந்தக் குழந்தைகளின் முகத்தை.

தட்டின் அகலத்தில் 3840 புள்ளிகள். ஹாட்ஜஸே பார்த்துச் சம்மதம் தெரிவித்த புதுப்பிப்பு இது. தட்டு வந்த அதே வருஷம் டிசம்பரில் தொண்ணூறாவது வயதில் அவர் இறந்துபோனார். புதுப்பித்தல் என்றால் கறையைத் துடைத்துப் பளபளப்பாக்குவது என்றுதான் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. கூட்டம் முன்னால் வந்துவிட்டது, கதாநாயகன் பின்னால் போய்விட்டான். அவனுடைய ஸ்டைல் குறையவில்லை. ஆனால் அது இப்போது இத்தனை பேர் முன்னிலையில் நடக்கிறது. பழைய இருட்டில் கார்ட்டர் தனியாக இருந்தான், அதனால் பெரியவனாக இருந்தான். வெளிச்சத்தில் அவன் அந்த ஊரைவிட்டு ஓடிப்போய், நல்ல துணி உடுத்திக்கொண்டு திரும்பி வந்து, அங்கே இருப்பவர்களைக் கண்டு அருவருக்கிற ஒருவன். இருபத்தாறு வயதில் நான் ஏன் அவனை விரும்பினேன் என்பது எனக்கு இப்போது கொஞ்சம் அதிகமாகவே புரிகிறது.

படத்துக்குள்ளேயே வீட்டில் படம் பார்க்கிற காட்சி ஒன்று இருக்கிறது. சொல்லப்போனால் இரண்டு. படம் தொடங்குவதே லண்டன் வீடொன்றில் கும்பலின் தலைவர்கள் ஆபாச ஸ்லைடுகள் போட்டுப் பார்ப்பதில்தான். அது அவர்கள் தொழில். கார்ட்டரும் அங்கே நிற்கிறான். திரையில் வருகிற பெண்கள் அவனுக்கு ஒன்றுமில்லை. பிறகு நியூகாஸிலில் ஒருத்தியின் படுக்கையில் சாய்ந்துகொண்டு, அவள் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில், புரொஜெக்டரில் ஓடும் ஒரு படத்தைப் பார்க்கிறான். அதே ரகத்துப் படம். முதலில் அலட்சியமாகத்தான் பார்க்கிறான். அதில் சகோதரனின் மகள் வருகிறாள், பள்ளிக்கூடத்துப் பெண், ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவள். அவள் தன் மகளாகவே இருக்கக்கூடும் என்றும் படம் ஜாடையாகச் சொல்லியிருக்கிறது. அந்த அசையாத முகத்தில் கண்ணீர் வழிகிறது. கெய்ன் வேறொன்றும் செய்வதில்லை. வாயைக்கூட அசைப்பதில்லை.

இதைப் பழிவாங்குதலின் நியாயம் என்று அன்று எடுத்துக்கொண்டேன். இப்போது எனக்கு அது படத்தின் மிகக் கடுமையான குற்றச்சாட்டு என்று தோன்றுகிறது. இவன் எத்தனை படங்கள் பார்த்திருப்பான், எத்தனை விற்றிருப்பான். தெரிந்த முகம் ஒன்று வரும்வரை கண்ணீர் வரவில்லை. வந்தபின்னும் அது மற்ற முகங்களுக்குப் பரவவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் படுக்கைக்குச் சொந்தக்காரி, கார் பின்பெட்டியில் பூட்டப்பட்டவள், காரோடு நதியில் மூழ்குகிறாள். தள்ளியவர்களுக்கு அவள் உள்ளே இருப்பது தெரியாது. கார்ட்டருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு நிற்கிறான், முகம் அசையவில்லை. அவனுடைய ஸ்டைல் என்று நாம் சொல்வது, தெரியாத முகங்களைப் பார்க்க மறுக்கிற ஒரு பழக்கம். அவனோடு சேர்ந்து நமக்கும் அந்தப் பழக்கத்தைக் கொடுக்கிறது படம், பிறகு நம்மைக் கையும் களவுமாகப் பிடிக்கிறது. தேய்ந்த நாடாவில் பிடிபடாமல் தப்பித்துக்கொண்டேன். தெளிவான தட்டில் தப்பிக்க முடியவில்லை.

இவ்வளவும் யோசித்துக்கொண்டுதான் அந்த மதுக்கூடக் காட்சிக்கு வந்தேன். எனக்கும் ஒரு தெரிந்த முகம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். பாடகி இறங்கி நடந்தாள், சண்டை வந்தது, கூட்டம் சிரித்தது. கை தானாக நிறுத்திவிட்டது. இடம் சரி. அந்தத் தலைச் சாய்ப்பு, பக்கத்து ஆளின் தோள், பின்னால் விளக்கு, எல்லாம் எனக்கு மனப்பாடம். புதுத் தட்டில் நிறுத்தினால் கோடுகள் நடுங்குவதில்லை. முகம் அப்படியே நின்றது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். பருத்த கழுத்து, முகப் பவுடர் சுருக்கங்களில் படிந்திருக்கிறது, மேல்வரிசையில் கட்டிய பல். நன்றாகச் சிரிக்கிறாள். மாடத்துப் புகைப்படத்தில் நான் இரண்டு வருஷம் பார்த்த இருபத்தெட்டு வயதுக் கல்யாணப் பெண்ணுக்கும் இவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பின்னால் போய், முன்னால் போய், ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, அந்த மேஜைகளில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தேன். விடியும்வரை பார்த்தேன் என்றால் மிகையில்லை. அவள் எங்கேயும் இல்லை. அன்றைக்கு அங்கே இருந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காமிராவுக்கு ஒரு கை தூரத்தில் இருந்திருக்கலாம். எடுத்து வெட்டிப் போட்ட சுருளில் இருந்திருக்கலாம். படத்தில் இல்லை. புதுப்பிக்கிறவர்கள் எடுத்ததைத்தான் புதுப்பிக்க முடியும். ஃபிரேமுக்கு வெளியே உட்கார்ந்து சிரித்தவளை எந்த நெகட்டிவிலிருந்தும் கொண்டுவர முடியாது.

அவருக்குத் தெரிந்திருந்ததா? இந்தக் கேள்வியோடுதான் ஏழு வாரம் போயிற்று. தன் மனைவியின் முகம் தெரியாதவர் இல்லை. தியேட்டரின் பெரிய திரையில் பார்த்து, இருந்தேனா இல்லையா என்று அவளே நிச்சயமில்லாமல் இருந்ததை அவர் கேட்டிருக்கிறார். அப்படியானால் தேய்ந்த நாடாவில் அடையாளம் தெரியாத ஒரு திட்டைத் தேர்ந்துகொண்டு, அது அவள் என்று வைத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அல்லது உண்மையாகவே நம்பினார். எனக்கு எது வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். ஏமாந்தார் என்றால் பாவமாக இருக்கிறது. தெரிந்தே செய்தார் என்றால் அவர்மேல் வேறொரு மரியாதை வருகிறது, ஆனால் அந்த மரியாதையில் இலக்கியக்காரனின் சபலம் இருக்கிறது. மனிதர்கள் துக்கத்தில் செய்வதை அழகான உத்தியாக மாற்றிப் பார்ப்பது நம் கூட்டத்துக்குப் பழக்கமாகிவிட்ட வியாதி. தேநீர் போட எழுந்து போகும்போது அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். கார்ட்டர் தெளிவான படத்தில் தெரிந்த முகத்தைக் கண்டு அழுதான், வேறு யாருக்காகவும் அழவில்லை. இவர் தெளிவற்ற படத்தில் முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் சிரிப்பைத் தம் மனைவியின் சிரிப்பாக ஏற்று, வாரந்தோறும் அவள் முன்னால் சற்று உட்கார்ந்திருந்தார்.

கார் நிறுத்துமிடத்தை 2010இல் இடித்துவிட்டார்கள். உடைத்த கான்கிரீட் துண்டுகளைச் சிறு தகர டப்பாவில் அடைத்து நினைவுப்பொருளாக விற்றார்கள், அவள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாளாம். கடைசிக் காட்சி எடுத்த பிளாக்ஹால் கடற்கரையும் இன்று அப்படியில்லை. சுரங்கக் கழிவை வாளி வாளியாகக் கம்பியில் தொங்கவிட்டுக் கொண்டுபோய்க் கடலில் கொட்டுவார்கள். கார்ட்டர் தான் கொன்றவனை அந்த வாளியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பிலேயே சுடப்படுகிறான். வீட்டுக்காரர் பழுதுபார்த்த வாளிகள் அவை. மணலெல்லாம் கரி. 1997க்குப் பிறகு பல வருஷம் வேலை செய்து அந்தக் கரையைச் சுத்தப்படுத்தினார்கள். இப்போது புல்லும் பறவைகளுமாக அழகாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். அந்தக் கரி தட்டில் மட்டும் அப்படியே இருக்கிறது, முன்னைவிடக் கறுப்பாக.

ஜனவரியில் பதில் எழுதினேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அது உன் அம்மா இல்லை என்று எழுதியது ஒன்று. இதோ உன் அம்மா என்று எழுதியது ஒன்று. இரண்டையும் விளக்கி நான்கு பக்கம் எழுதியது இன்னொன்று, அதுதான் மிகவும் மோசம். கடைசியில் அனுப்பியது சிறிய கடிதம். மணி, நிமிஷம், வினாடி குறித்து, "உன் அப்பா நிறுத்துகிற இடம் இது" என்று எழுதினேன். அவர் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போடுவார் என்பதையும், தியேட்டரிலிருந்து வீடு வரைக்கும் அவர்கள் இருவரும் போட்ட வாக்குவாதத்தையும் எழுதினேன். அந்த வாக்குவாதத்தை அவள் கேள்விப்பட்டிருக்கமாட்டாள்.

அவளிடமும் கல்யாணப் புகைப்படம் இருக்கிறது. நிறுத்திப் பார்த்தால் நான் பார்த்ததை அவளும் பார்ப்பாள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.